மூக்குக்கு வேலை கொடுக்காத வீட்டுல வேட்டை நாய் எதுக்கு?

முதல்லயே சொல்லிடறேன், இது என் இனத்து ஆளுங்களைத் திட்டி எழுதற பதிவு. இனம்னா சாதி இல்லைங்க, பொட்டி தட்டற இனம். ஒரு மாசச் சம்பளத்தைக் கொட்டி ஒரு வெளிநாட்டு நாய்க்குட்டியை வாங்கி, "அப்பா அம்மாவுக்குத் துணையா இருக்கும்"னு திண்டுக்கல் வீட்டு கேட்டுக்குள்ள இறக்கி விட்டுட்டு, நாலு போட்டோ புடிச்சுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ்ல பெங்களூருக்கோ சென்னைக்கோ ஏறிடறாங்களே, அவங்களைத்தான். கோவம் வந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம்.

சங்கதி ஒண்ணும் புதுசு இல்லை. 2003ல ஹட்ச் விளம்பரத்துல ஒரு பக் நாய் சின்னப் பையன் பின்னாடியே ஓடுச்சு. அந்த விளம்பரம் வந்ததுக்கு அப்புறம், மூக்கு சப்பையா இருக்கற, மூச்சு விடவே திணர்ற அந்த நாயை நாற்பது டிகிரி அடிக்கிற ஊர்ல எல்லாம் வாங்கிக் கட்டினாங்க. அப்புறம் லேப்ரடார். அப்புறம் பனியில வண்டி இழுக்கற ஹஸ்கி. ஆமா, திண்டுக்கல்ல ஹஸ்கி. இப்போ அதெல்லாம் தெருவுக்கு ஒண்ணு ஆயிட்டதால, 'யார் வீட்லயும் இல்லாத' இனம் தேடற படலம் ஆரம்பிச்சிருக்கு.

என்கிட்ட மட்டும் மூணு பேர் கேட்டுட்டாங்க, பிரிட்டனி வாங்கலாமான்னு. பிரான்ஸ் நாட்டு வேட்டை நாய். நான் ஆன்சைட்ல ரெண்டு வருஷம் ரென் நகரத்துல இருந்தவன். ரென்தான் பிரிட்டனி மாகாணத்தோட தலைநகரம், அந்த நாயோட சொந்த மண்ணு. அதனால எனக்குத் தெரியும்னு கேக்கறாங்க. மூணு பேரும் சொன்ன காரணம் ஒரே மாதிரி. ஆரஞ்சும் வெள்ளையுமா அழகா இருக்கு, ரொம்பப் பெருசா வளராது, குழந்தைங்களோட ஒட்டிக்கும், நம்ம ஏரியாவுல யார்கிட்டயும் இல்லை. இந்த நாலாவதுதான் உண்மையான காரணம், மத்த மூணும் சும்மா ஒப்புக்கு.

சரி, அது என்ன நாய்னு பார்ப்போம். பிரெஞ்சுல எப்பாஞோல் பிரெத்தோன். தோள் வரைக்கும் அளந்தா அரை மீட்டர், எடை 14ல இருந்து 18 கிலோ. 1907ல நாந்த் நகரத்துல அதுக்கு இலக்கணம் எழுதி, 1908ல லூதெயாக்குங்கற சின்ன ஊர்ல கூடி ஏத்துக்கிட்டாங்க. அமெரிக்காக்காரன் 1934ல பிரிட்டனி ஸ்பேனியல்னு பதிவு பண்ணினான். 1982ல அந்த ஸ்பேனியலை வெட்டிட்டான். ஏன்னா ஸ்பேனியல் செய்யற வேலை வேற, இது செய்யற வேலை வேற. ஸ்பேனியல் புதருக்குள்ள புகுந்து பறவையைக் கிளப்பி விடும். இது கிளப்பாது. நிக்கும்.

அந்த 'நிக்கறது' தான் முழு விஷயமே. நம்ம சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கண்ணால வேட்டை ஆடற நாய்ங்க. முயல் கண்ணுல பட்டுச்சா, வில்லுல இருந்து அம்பு விட்ட மாதிரி கிளம்பிடும். பிரிட்டனிக்கு மூக்குதான் கண்ணு. காத்துக்கு எதிரா, வயல்ல குறுக்கும் நெடுக்குமா, தையல் மிஷின் ஓடற மாதிரி ஓடும். புல்லுக்குள்ள ஒளிஞ்சு உக்காந்திருக்கற பறவையோட வாசனை காத்துல ஒரு இழை வந்தாப் போதும், அந்த இடத்துல அப்படியே உறைஞ்சுடும். ஒரு முன்னங்கால் பாதி தூக்கின நிலையில, மூக்கு பறவை இருக்கற திசையில. ஆள் பக்கத்துல வர்ற வரைக்கும் அசையாது. பாய்ஞ்சு புடிக்கணும்கற வெறி உள்ள கொதிக்கும், ஆனா நிக்கும். பல தலைமுறையா, எந்த நாய் நின்னுச்சோ அதை வச்சுக் குட்டி எடுத்து, எது பாய்ஞ்சுச்சோ அதை ஒதுக்கி, அப்படி உண்டாக்கின குணம் அது. ரெண்டு மாசக் குட்டிகூட ஒரு குச்சி நுனியில பறவை இறகைக் கட்டி ஆட்டினா நின்னு காட்டும். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ரென்ல எங்க வீட்டு ஓனர் பெரியவர் ஒரு பெட்டை பிரிட்டனி வச்சிருந்தார். ஞாயித்துக்கிழமை அவரோட நடக்கப் போவேன். நடக்கப் போவேன்னா, நாங்க ரெண்டு பேரும் நாலு கிலோமீட்டர் நடப்போம், அது அதுக்குள்ள இருபது கிலோமீட்டராவது ஓடியிருக்கும். அப்புறமும் வீட்டுக்கு வந்து வாசல்ல நின்னு 'அவ்ளோதானா?'ன்னு பாக்கும். செப்டம்பர்ல இருந்து குளிர்காலம் முடியற வரைக்கும் வேட்டை சீசன், அப்போ அது வேற ஜீவன். வேலைக்குப் போறவன் மாதிரி ஒரு முகம். இன்னொண்ணும் கவனிச்சேன். பெரியவர் அதுகிட்ட குரலே ஒசத்த மாட்டார். ஒருநாள் ஏதோ எரிச்சல்ல ஒரு அதட்டு அதட்டிட்டார். அன்னைக்குப் பூரா அது மேஜைக்கு அடியில போய்ப் படுத்துக்கிச்சு, கூப்பிட்டும் வரலை. அவ்வளவு தொட்டாச்சிணுங்கி. நம்ம ஊர்ல நாய்கிட்ட பாசமாப் பேசறதே "ஏய் சனியனே, தள்ளு"ங்கற தொனியிலதான்கிறதை நெனச்சுப் பாருங்க :-)

இப்போ இதைத் தூக்கி திண்டுக்கல்லுக்குக் கொண்டு வாங்க.

வேலை இருக்கான்னு கேட்டா, இருக்கு. அதுதான் கொடுமையே. வேடசந்தூர் பக்கம், ஒட்டன்சத்திரம் பக்கம் சோளக்காட்டு ஓரமா காலையில போய் நின்னுப் பாருங்க, கௌதாரி கத்தற சத்தம் காதைப் பொளக்கும். பிரான்ஸ்ல இந்த நாய் எந்தப் பறவைக்காக வளர்க்கப்பட்டுச்சோ, அதோட சொந்தக்காரப் பறவை நம்ம காட்டுல குடும்பம் குடும்பமாத் திரியுது. ஆனா தொட முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதுல 1991ல வந்த திருத்தம், ரெண்டும் சேர்ந்து வேட்டைக்கான லைசென்ஸையே ஒழிச்சிடுச்சு. கௌதாரி, காட்டு முயல் எல்லாம் பாதுகாக்கப்பட்ட பட்டியல்ல இருக்கு. சந்தையில கிடைக்கிற ஜப்பான் காடை பண்ணையில வளர்றது, அதைக் காட்டி யாரும் வாதத்துக்கு வராதீங்க. இந்தச் சட்டம் சரியான சட்டம், எனக்கு அதுல ரெண்டாவது கருத்து இல்லை. நான் சொல்றது, சட்டப்படி ஒரு வேலையை மூடின ஊருக்கு, அந்த வேலைக்குன்னே பிறந்த ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து சும்மா உக்கார வைக்கறீங்கங்கறது.

சும்மா உக்காந்தா என்ன ஆகும்? மூக்கு சும்மா இருக்காது. மொட்டை மாடியில காக்காவைப் பார்த்து நிக்கும். வேலி மேல ஓணானைப் பார்த்து நிக்கும். பக்கத்து வீட்டுக் கோழியை அரை மணி நேரம் பார்த்து நின்னுட்டு, ஒருநாள் பொறுமை போய் உள்ள குதிக்கும். அப்புறம் பஞ்சாயத்து. செடித் தொட்டியைத் தோண்டும், சோபாவைக் கிழிக்கும், ராத்திரி ஊளை விடும். "வெளிநாட்டு நாய்னு வாங்கிட்டு வந்தான், பைத்தியம் புடிச்ச நாயா இருக்கே"ன்னு அம்மா போன்ல சொல்லுவாங்க. மூணாவது மாசம் சங்கிலி வரும். பூட்டுக்குப் பேர் போன ஊருங்கறதுக்காக நாயையும் பூட்டியே வைக்கணுமா?

அடுத்தது வெயில். ரென்ல நடு ஜூலைல பகல் வெப்பம் சராசரியா 25 டிகிரி. நமக்கு அது மார்கழி. திண்டுக்கல் சமவெளியில சித்திரை வைகாசியில 40ஐத் தொடும். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வியர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேத்தணும். அதோட இயல்பான உடல் சூடே 38.3ல இருந்து 39.2 டிகிரி. 41ஐத் தாண்டினா வெப்ப அதிர்ச்சி, உள்ளுறுப்பு ஒவ்வொண்ணா அடிபடும். சும்மா நிழல்ல படுத்துக் கிடக்கற நாய் தப்பிச்சுக்கும். ஆனா வேட்டை இன நாய்க்கு எப்போ நிறுத்தணும்னு தெரியாது. ஓடச் சொன்னா விழற வரைக்கும் ஓடும். நிறுத்தற பொறுப்பு கூட இருக்கற ஆளோடது. அந்த ஆளு யாரு? சர்க்கரையும் மூட்டுவலியும் இருக்கற உங்க அப்பா.

"ரூம்ல ஏசி இருக்குய்யா"ங்கறாங்க. இருக்கட்டும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடியாகணும்னு உடம்பு கேக்கற நாயை ஏசி ரூம்ல அடைக்கறது, கபடி பிளேயரை லிப்டுக்குள்ள குடித்தனம் வச்ச மாதிரி. சரி, வெளிய விட்டாலும், காதுலயும் கால்லயும் குஞ்சம் மாதிரி முடி தொங்கும். நம்ம கரட்டுக்காட்டுல நாயுருவியும் நெருஞ்சியும் அதுல சிக்கி, விரலிடுக்குலயும் காதுக்குள்ளயும் போய்ப் புண்ணாகும். தொங்கின காதுல மழைக்காலத்துல சீழ். இதெல்லாம் போதாதுன்னு உண்ணி. உண்ணிக் காய்ச்சல்ல எத்தனை நாய் போகுதுன்னு உங்க ஊர் கால்நடை மருத்துவரைக் கேளுங்க, ஒரு டீ குடிக்கற நேரம் அவர் பேசுவார்.

இந்த இடம் வரைக்கும் படிச்சுட்டு, நம்ம 'நாட்டு நாய்' அன்பர்கள் கைதட்டிக்கிட்டு இருப்பீங்க. இருங்க, உங்களுக்கும் இருக்கு.

நாட்டு நாய்ப் பெருமை இப்போ உச்சத்துல இருக்கு. 2005ல தபால் துறை ராஜபாளையத்துக்கு ஸ்டாம்ப் போட்டுச்சு. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் வானொலியில ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு வரிசையாப் பேர் சொன்னார். அதுக்கப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் வீடியோ. "தமிழன்டா"ன்னு பின்னணி இசையோட ஒரு சிப்பிப்பாறை நிக்குது, கழுத்துல ரெண்டு அடி சங்கிலி. ஐயா, அது முயலை ஓடிப் புடிக்கப் பிறந்த நாய். மானாவாரிக் காட்டுல கண்ணுக்கு எட்டற தூரமெல்லாம் ஓடறதுக்குன்னு வத்தின வயிறும் நீளக் காலுமா உருவான உடம்பு. அதை முப்பதுக்கு நாப்பது மனையில போர்டிகோ தூண்ல கட்டிப் போட்டுட்டு, பிரெஞ்சு நாய் வாங்கறவனைப் பார்த்து 'இனத் துரோகி'ன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்? வெயில் தாங்கும், உண்ணி தாங்கும், ஒத்துக்கறேன். சங்கிலி தாங்கும்னு எந்த நாய்க்கும் எழுதி வைக்கலை.

அதை விடப் பெரிய வழக்கு ஒண்ணு இருக்கு, கலர். அதுக்கு மறுபடியும் பிரான்ஸுக்கே போகணும், மன்னிச்சுக்கோங்க.

பிரிட்டனி மாதிரியே நின்னு காட்டற இன்னொரு பிரெஞ்சு நாய், பிராக் து பூர்போன்னே. 1925ல அதுக்குன்னு சங்கம் வச்சாங்க. வச்சவங்க என்ன பண்ணினாங்க? வாடிப்போன லைலாக் பூ நிறம் இருந்தாத்தான் அசல், பொறக்கும்போதே வால் குட்டையா இருந்தாத்தான் அசல்னு புடிச்சுக்கிட்டாங்க. மூக்கு எப்படி, உடம்பு எப்படி, காட்டுல வேலை செய்யுதாங்கறதெல்லாம் பின்னாடி போயிடுச்சு. வேட்டைக்காரனுக்கு அந்த நாய் மேல ஆசை விட்டுப் போச்சு. 1963ல இருந்து 1973 வரைக்கும் பிரான்ஸ் நாய்ப் பதிவேட்டுல அந்த இனத்துல ஒரு குட்டிகூட பதிவாகலை. பத்து வருஷம், பூஜ்யம். எழுபதுகள்ல மிஷேல் கோந்த்னு ஒருத்தர் முன்கை எடுத்து, பண்ணை பண்ணையா மிச்சமிருந்த கலப்பு நாய்ங்கள்ல இனத்தோட சாயல் இருந்ததைத் தேடிப் புடிச்சு, அதுல இருந்து மறுபடி உருவாக்கி எடுத்தாங்க. நிறம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பரவாயில்லைன்னு விட்டதால பொழைச்சது.

இந்தக் குட்டை வால் விவகாரம் சாதாரணமானது இல்லை. அதுக்குக் காரணமான மரபணு பூர்போன்னேலயும் பிரிட்டனிலயும் ஒண்ணுதான். ஒரு பிரதி இருந்தா வால் குட்டை. அப்பன்கிட்ட ஒண்ணு, ஆத்தாகிட்ட ஒண்ணுன்னு ரெண்டு பிரதியும் வந்து சேர்ந்தா, கரு வயித்துலயே செத்துடும். பிளஸ் டூ உயிரியல்ல மெண்டல் பட்டாணி படிச்சிருப்பீங்களே, அதே கணக்கு. குட்டை வாலும் குட்டை வாலும் சேர்த்தா நாலுல ஒரு கரு காலி. அழகுக்கு கட்டணம் யார் கட்டறாங்க பாருங்க.

இப்போ ராஜபாளையத்துக்கு வாங்க. சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு. இது ரெண்டும் இருந்தாத்தான் 'ஒரிஜினல்'னு ஊரே சொல்லுது. ஒரு புள்ளி இருந்தா விலை இறங்குது. உள்காதுல நிறமி செல்லுங்க வேலை செஞ்சாத்தான் நாய்க்குக் காது கேக்கும். வெள்ளை வெள்ளைன்னு தேர்ந்தெடுக்கும்போது அந்த செல்லுங்களும் சேர்ந்து காணாமப் போகுது. டால்மேஷியன்ல இதை நல்லாவே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, அமெரிக்காவுல சோதிச்ச நாய்ங்கள்ல கிட்டத்தட்ட 30 சதவீதத்துக்கு ஒரு காதோ ரெண்டு காதுமோ செவிடு. ராஜபாளையத்துலயும் பிறவிச் செவிடு இருக்கறது வளர்க்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். காவலுக்குன்னு வாங்கற நாய், காது கேக்காத நாய்! செவிட்டு நாயை வச்சுக் குட்டி எடுக்காதீங்க, புள்ளி இருக்கற நாயை ஒதுக்காதீங்கன்னு சொன்னா, "நம்ம பாரம்பரியத்தைக் குறை சொல்றான்"னு பாயறாங்க. பிரெஞ்சுக்காரன் லைலாக் கலர்ல பண்ணினதைத்தான் நாம வெள்ளைக் கலர்ல பண்ணிக்கிட்டு இருக்கோம். நம்ம ஊர்ல ஒரு கோந்த் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?

ஆக என் சண்டை பிரெஞ்சு நாயோடயும் இல்லை, நாட்டு நாயோடயும் இல்லை. இனத்துங்கற பேரு அது செஞ்ச வேலையால வந்தது, அந்த வேலையைத் தூக்கிப் போட்டுட்டு தோலை மட்டும் வாங்கற வியாபாரத்தோட.

"அப்போ யாருமே நாய் வளர்க்கக் கூடாதா, நீ என்ன பெரிய புத்தனா?"ன்னு ஒரு அனானி வருவார். வளருங்க. வேட்டை நாய்க்குத் துப்பாக்கி தேவையில்லை, மூக்குக்கு வேலைதான் தேவை. ஆல்ப்ஸ் மலையில இதே மாதிரி நின்னு காட்டற நாய்ங்களை வச்சு, கோடை முடிவுல காட்டுப் பறவை எத்தனை குஞ்சு பொரிச்சிருக்குன்னு கணக்கெடுக்கறாங்க. சுடறது கிடையாது, நாய் நிக்குது, பறவை கிளம்புது, எண்ணிக்கறாங்க. வீட்டுல அவ்வளவு கூட வேணாம். ஒரு பழைய துணியில ஒரு வாசனையைத் தடவி, தோட்டத்துல பத்து இடத்துல மாத்தி மாத்தி ஒளிச்சு வச்சுத் தேடச் சொல்லுங்க. இருபது நிமிஷம் மூக்கால வேலை செஞ்ச நாய் ஒரு மணி நேரம் ஓடின நாய் மாதிரி களைச்சுப் போய்ப் படுக்கும். காலையில அஞ்சு மணிக்கு, தரை சூடேறதுக்கு முன்னாடி, நீளக் கயித்துல கட்டி சிறுமலை அடிவாரம் பக்கம் ஒரு ஓட்டம். அவுத்து விடாதீங்க, கௌதாரி தரையிலதான் முட்டை வைக்கும். இதை வாரத்துக்கு ஒருநாள் இல்லை, தினமும், பன்னெண்டு பதிமூணு வருஷத்துக்கு. இதை யார் செய்யப் போறாங்கன்னு வீட்டுல உக்காந்து பேசி, பேரைச் சொல்லுங்க. 'நான் மாசத்துக்கு ஒருக்கா வருவேன்ல'ங்கறது ஒரு பேர் இல்லை.

அப்படி ஒரு பேர் கிடைச்சும் வாங்கறதா இருந்தா, விக்கறவன்கிட்ட கலர் கேக்காதீங்க. குட்டியோட ஆத்தாளைக் காட்டச் சொல்லுங்க. அது எத்தனை தடவை ஈன்றிருக்குன்னு கேளுங்க. 2017ல மத்திய அரசு கொண்டு வந்த நாய் வளர்ப்பு விதிகள்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கவே கூடாது, ஒரு பெட்டைக்கு வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது, ஆயுசுக்கு அஞ்சைத் தாண்டக் கூடாது. விக்கறவன் மாநில விலங்கு நல வாரியத்துல பதிஞ்சிருக்கணும். இதைக் கேட்டதும் போனை வச்சுட்டான்னா, உங்க காசு மிச்சம்.

டிஸ்கி 1: அந்த மூணு பேர்ல ஒருத்தருக்கு இதைப் போன்லயே சொல்லிட்டேன். "நீ பிரான்ஸ் போய் வந்த திமிர்ல பேசற"ன்னு வச்சுட்டார். இருக்கட்டும்.

டிஸ்கி 2: கொடைக்கானலும் நம்ம மாவட்டம்தானே, அங்க குளிருமே, அங்க வளர்த்தா என்னன்னு கேக்கப் போறவங்களுக்கு: வெயில் பிரச்சினை தீரும், மத்தது தீராது. 2013ல இருந்து சுத்தி இருக்கறது வன உயிரினச் சரணாலயம். காட்டுமாடு ஏரிக்கரை வரைக்கும் நடந்து வருது. மோப்பம் புடிச்சு ஓடற நாயை அங்க கயிறு இல்லாம ஒரு நிமிஷம் விட்டாக் கூட, அது காட்டுமாட்டு முன்னாடி போய் ஒரு காலைத் தூக்கிக்கிட்டு அசையாம நிக்கும். காட்டுமாடு நிக்காது.